கை நனைக்கப் போன வயிறு

என் வயிறு ஒரு சோம்பேறி. நான் கோபத்தில் திட்டுவதாக நினைக்க வேண்டாம். கோயமுத்தூரில் பெரிய டாக்டர் ஒருவர் படமெடுத்துப் பார்த்துச் சொன்னது இது. அதற்கு அவர் நீளமாக ஒரு பேரும் சொன்னார், காஸ்ட்ரோபரேசிஸ் என்று. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறி அந்தப் பேரைத் தப்பில்லாமல் சொல்லிப் பழக ஆரம்பித்தால், பஸ் பாதி வழி போன பிறகுதான் எனக்கு நாக்கு திரும்பும். தமிழில் சொன்னால் ஒரே வரி. தின்ற சோறு வயிற்றைவிட்டு நகர மாட்டேன் என்கிறது.

மற்றவர்களுக்கு வயிறு சோற்றை அரைத்துக் கூழாக்கிக் குடலுக்குத் தள்ளிவிடும். "தள்ளு" என்று வயிற்றுக்குச் சொல்வதற்கு ஒரு நரம்பு இருக்கிறதாம். பல வருஷச் சர்க்கரையில் என் நரம்பு மரத்துப்போய்விட்டது. அது சொல்வதில்லை, வயிறும் தள்ளுவதில்லை. காலையில் தின்ற தோசை மத்தியானம் எதுக்களிக்கும், மத்தியானச் சோறு ராத்திரி வாந்தியாக வந்து "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்கும். நாலு வாய் தின்பதற்குள் தொண்டைவரை நிரம்பிவிடும்.

இது தெரிவதற்கு முன்னால் நான் பட்ட பாடு இருக்கிறதே! பாலக்காட்டில் எந்த டாக்டரிடம் போனாலும் கேஸ்தான், வெறும் வாயு. "கேஸாணு சேச்சி" என்று சொல்லி ரோஸ் கலரில் ஒரு மருந்து எழுதித் தருவார்கள். அதைக் குடித்துக் குடித்து என் வீட்டில் காலி பாட்டில் சேர்ந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது கைவிஷம், யாரோ சாப்பாட்டில் எதையோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். எனக்கு யார் வைப்பார்கள்? வீட்டில் சமைக்கிறவளே நான்தான்.

என் வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார், எங்கள் பேச்சில் நங்கையா, அதற்கும் ஒரு படி மேல். "உனக்குத் தொக்கம் புள்ள" என்று முடிவே கட்டிவிட்டாள். தொக்கம் என்றால் தின்றது உள்ளே எங்கேயோ சிக்கிக்கொள்வது. அதை எடுப்பதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் என் வயிற்றை நீவி, தொண்டையை ஊதி, என்னவோ செய்து ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்துக் கையில் காட்டினார். நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அந்த வாரம் தேங்காயே தொடவில்லை. அதைச் சொன்னால், "அப்படின்னா அது பழைய தேங்கா" என்றாள்.

கடைசியில்தான் கோயமுத்தூர். இட்லிக்குள் என்னவோ மருந்தைக் கலந்து தின்னக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று மிஷினில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். விட்டு விட்டு நாலு மணி நேரம் படம் எடுத்தார்கள். நல்ல வயிறாக இருந்தால் அதற்குள் இட்லி வயிற்றைக் காலி செய்துகொண்டு போயிருக்குமாம். எனக்குப் பாதி இட்லி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வாளையார் செக்போஸ்ட்ல லாரி நிக்கற மாதிரி நிக்குதுங்களே" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பொண்டாட்டியின் வயிறு இவருக்கு லாரியா?

"இது சுத்தமா தீர்ற சீக்கு இல்லீங்மா. ஆனா அனுசரிச்சுப் போனா நல்லா இருக்கலாம்" என்றார் டாக்டர்.

"அனுசரிச்சுப் போறதா? கல்யாணம் ஆன நாள்லிருந்து அதையத்தானுங்களே பண்ணீட்டிருக்கறேன்" என்றேன். இந்தத் தடவையும் டாக்டர் சிரித்தார், என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அனுசரித்துத்தான் போகிறேன். மூன்று வேளைச் சோற்றை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறேன். குழைய வேக வேண்டும், எண்ணெய் குறைய வேண்டும், நாரும் சக்கையும் கூடவே கூடாது. வாயில் போட்டதைக் கூழாக மென்றுதான் விழுங்க வேண்டும், ஏனென்றால் வயிறு செய்யாத வேலையைப் பல் செய்தாக வேண்டும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் மாத்திரை. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, வாசலில் நடக்க வேண்டும். சர்க்கரை ஊசியைச் சோற்றுக்கு முன்னால் போட்டுவிட்டால், சோறு வயிற்றில் படுத்துக்கொள்ள, மருந்து மட்டும் ரத்தத்தில் வேலையை ஆரம்பித்து எனக்கு மயக்கம் வந்துவிடும். அதனால் என் விஷயத்தில் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஊருக்கு நல்லதெல்லாம் எனக்கு ஆகாது. மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்து ஆரோக்கிய வகுப்பு எடுத்தாள். கீரை தின்னுங்கள், கம்பு ராகி தின்னுங்கள், கொய்யாவைக் கடித்துத் தின்னுங்கள், நார்ச்சத்து, நார்ச்சத்து, நார்ச்சத்து! வெள்ளை அரிசியைக் குழைய வடித்துத் தின்பவர்கள் யார் என்று கேட்டாள். நான் ஒருத்திதான் கை தூக்கினேன். மாட்டைக் களவாடியவளைப் பார்ப்பதுபோல் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அந்த நீளப் பேரைச் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

வீட்டுக்குள் இருக்கும்வரை இதெல்லாம் பெரிய கஷ்டமில்லை. வெளியே போனால்தான் வம்பு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் எழுந்தால் அவர்களோடு சண்டை என்று அர்த்தம். அதிலும் கல்யாணச் சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் இன்னும் கறார். மனசுக்குப் பிடிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், காபிகூடக் குடிக்கலாம், இலையில் உட்கார மாட்டோம். சோற்றில் கை வைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம். அதற்குப் பிறகு ஆயிரம் பேர் வந்து தடுத்தாலும் பேச்சு மாறாது. இலையில் உட்கார்ந்து சோற்றை அளைந்துவிட்டு எழுந்தால், அதைவிட மரியாதைக்கேடு வேறு கிடையாது.

என் மகளுக்கு எலப்புள்ளியில் ஒரு வரன் வந்தது. அதுவரை வந்த ஒன்றையும் அவள் சட்டை செய்யவில்லை. ஒருவருக்குக் காது பெரிது, இன்னொருவர் போனில் தன்னைப் பற்றியே பேசுகிறார். இந்தப் பையனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டில் சொந்த வயல், அப்பா இல்லை, அம்மா மட்டும். இரண்டு மாசமாக அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்து வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். கேட்டால், "பரவால்லம்மா" என்பாள். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு. என் ரசத்துக்கே அவள் அவ்வளவு சொன்னதில்லை. இது கைகூடிவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

ஜாதகம் பொருந்தி, அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்து நாங்கள் எலப்புள்ளி போய் வீடு பார்த்துக் கை நனைத்துவிட்டு வர வேண்டும். அந்த நாள் குறித்ததும் நாத்தனார் வந்து கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு புள்ள, உன்ற வயித்துச் சீக்க அங்க மூச்சு உடாத. ஆத்தாளுக்கு இருக்கறது நாளைக்குப் பொண்ணுக்கும் வருமின்னு பேசுவாங்க. வந்த சம்பந்தம் வாசலோட போயிரும்."

"அங்க இலை நெறையப் போடுவாங்களே நங்கையா, நான் என்ன பண்றது?"

"நான் உன்ற பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆரும் பாக்காதப்ப உன்ற இலைல இருக்கறத என்ற இலைக்குத் தள்ளு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நாத்தனாரின் வயிறு கல்லைப் போட்டாலும் அரைக்கும். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீரும் ரசமுமாக இருந்து வயிற்றைக் காலி செய்துவைத்தேன். மகளிடம்கூட இந்தத் திட்டத்தைச் சொல்லவில்லை. பெண்ணைக் கூட்டிப்போகிற வழக்கம் இல்லாததால் அவளை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் காரில் கிளம்பினோம். எலப்புள்ளி போய்ச் சேர அரை மணி இருக்கும்போது மாத்திரையை விழுங்கினேன்.

நல்ல வீடு. பையனின் அம்மா எதிரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய குரல், அதிர்ந்து பேசாத மனுஷி. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் பேச்செல்லாம் பையனின் தாய்மாமன்தான். ஓங்கு தாங்கான ஆள், மீசையும் தோள் துண்டுமாக. அப்பா இல்லாத பையனுக்கு எல்லாம் முன்னின்று செய்கிறவர். அவருக்குத் திருப்தியில்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்று உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

பேச்சு சுமுகமாக முடிந்து, கூடத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே இலை போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். நாத்தனார் பக்கத்து இலைக்குக் குனிந்தாள். அப்போது பார்த்துத் தாய்மாமன், "அட, மூத்தவங்க நீங்க! இக்கட்ட வாங்க, மொத இலைல உக்காருங்க" என்று மரியாதை செய்து அவளை எதிர்வரிசையின் கோடிக்குக் கூட்டிப்போய்விட்டார். அவள் அங்கிருந்து என்னைப் பார்த்த பார்வை, ஆற்றில் போகிறவளைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. என் நேர் எதிரே தாய்மாமன் உட்கார்ந்தார்.

இலைக்கு வந்ததைக் கேளுங்கள். முருங்கைக்கீரைப் பொரியல், கொத்தவரங்காய், வாழைப்பூ வடை, தட்டைப்பயறுக் குழம்பு. டாக்டர் எதையெல்லாம் வேண்டாம் என்றாரோ அதையெல்லாம் யாரோ கேட்டு வாங்கிச் சமைத்த மாதிரி. நடுவில் மலைபோல் சிவப்பு மட்டை அரிசிச் சோறு, ஒவ்வொரு பருக்கையும் முழு முழுசாக. "எல்லாம் நம்ம வயல்லீங்க. கடைல வாங்கினது உப்பு மட்டுந்தான்" என்றார் தாய்மாமன் பெருமையாக. மேலே ஒரு கரண்டி நெய்யும் விழுந்தது.

நான் கொஞ்சம் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ருசியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு வாய், மூன்று வாய். நாலாவது வாய்க்கு உள்ளேயிருந்து "இடமில்லை" என்று பதில் வந்துவிட்டது. கொஞ்சம் பெரிதாக ஏப்பம் விட்டால்கூட உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிடும் என்ற நிலைமை. அந்த வீட்டில், அந்த நாளில், இலைக்கு முன்னால் நான் வாந்தி எடுத்தால் அபசகுனம் என்று என் மகள் வாழ்வே போச்சு. அதனால் சோற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும், பொரியலைச் சோற்றுக்கு அடியிலும் இடம் மாற்ற ஆரம்பித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, எனக்கும் சேர்த்து அவர் தின்ன ஆரம்பித்தார். இரண்டாம் சோறு, மூன்றாம் சோறு, வடைமேல் வடை. மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

பையனின் அம்மா பரிமாறுவதை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பதும் சமையலறையைப் பார்ப்பதுமாக நின்றாள். சொல்ல வந்து சொல்லாமல் விழுங்குகிற முகம். போச்சு, இவளுக்கும் மனசு கசந்துவிட்டது என்று நினைத்தேன்.

தாய்மாமன் கையை இலைக்கு மேலே நிறுத்தினார். "ஏனுங் சம்பந்தியம்மா, சோறு அப்படியே இருக்குதுங்களே?"

"சாப்பிட்டுட்டுதானுங்க இருக்கறேன்."

"நானும் வந்ததுலிருந்து பாத்துட்டுதானுங்க இருக்கறேன். உங்க ஊட்டுக்காரருக்கு நம்ம ஊடு நெம்பப் புடிச்சிருக்குதாட்ட இருக்குது. உங்களுக்குத்தான் புடிக்கலையாட்ட. புடிக்கலீன்னா வாயால சொல்லிப்போடுங்க, இலைல காட்ட வேண்டாமுங்க."

நாத்தனார் அங்கிருந்து கண்ணாலேயே "வாயைத் தொறக்காதே" என்றாள். என் மகளின் முகம், போன் பேசிவிட்டு வருகிறபோது இருக்கிற முகம், கண் முன்னால் வந்தது. எனக்கு அழுகை வர வேண்டிய நேரம், வந்தது கோபம். அவர்மேல் இல்லை, என் வயிற்றின்மேல்.

"ஏனுங்க, உங்க சோத்துக்கு என்னங்க குறை? தேவாமிர்தமா இருக்குது. என்ற வயிறுதானுங்க நாசமாப் போனது! அதுல போட்டது நகர மாட்டீங்குது. டாக்டர் ஒரு இட்லியக் குடுத்து நாலு மணி நேரம் படமெடுத்துப் பாத்தாரு, பாதி இட்லி அங்கயே உக்காந்திருக்குது! கீரை ஆகாது, பயறு ஆகாது, மட்டை அரிசி ஆகவே ஆகாது. இது ஒட்டிக்கற சீக்கு இல்லீங்க, சர்க்கரையில வந்தது. என்ற பொண்ணு தங்கமாட்ட இருக்கறா, அவ வயிறு நல்ல வயிறு. வேணும்னா அவளுக்கும் இட்லி குடுத்துப் படமெடுத்துக் காட்டறேன். என்ற இலையப் பாத்து அவள வேண்டாம்னு சொல்லீராதீங்க."

நாத்தனார் இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வாயில் இருந்த வடையை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

தாய்மாமனுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நாலு மணி நேரமா?" என்றார். "ஒரே இட்லியா?"

"அண்ணா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றது ஒரு குரல். பையனின் அம்மா. விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். வெள்ளைப் பச்சரிசியைக் குழையக் குழைய வேகவைத்து மசித்து, தெளிந்த ரசம் விட்டிருந்தது. என் இலையில் இருந்ததை ஒரு தட்டில் வழித்து எடுத்துவிட்டு, அதைக் கொஞ்சமாக வைத்தாள்.

"காலைலயே வெச்சதுங்க சம்பந்தி. கொண்டாரலாமா வேண்டாமான்னு அப்பப் புடிச்சுத் தவிச்சுட்டு நிக்கறேன். நீங்களே சொல்லாதப்ப நான் கொண்டாந்து வெச்சா, நாலு பேருக்கு முன்னால உங்க சீக்கச் சொல்லிக் காட்டின மாதிரி ஆயிருமேன்னு பயமா இருந்துச்சு. அண்ணங்கிட்டயும் அதனாலதான் சொல்லல."

"உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"உங்க பொண்ணுதானுங்க. எங்கிட்டப் பேசின மொத நாளே. எங்கம்மாவால நாலு வாய்க்கு மேல முடியாது, மெதுவாத்தான் சாப்பிடுவாங்க, அத ஆரும் தப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லுச்சுங்க. என்னென்ன ஆகும், எப்படி வேக வெக்கோணும்னு பையன் அதுகிட்டக் கேட்டுக் கேட்டுச் சொன்னான். ரசம் அவன் வெச்சது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் கதவைச் சாத்திக் காத்த ரகசியம் எலப்புள்ளிச் சமையலறையில் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு வாய் வைத்து, மென்று, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு வாய். என் வேகம் அவ்வளவுதான். இதற்குள் மற்றவர்கள் பாயசம் குடித்து முடித்துவிட்டார்கள். ஆனால் பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழக் கூடாது, எழுந்தால் அவரை அவமானம் செய்தது மாதிரி. யாரும் எழவில்லை. எல்லார் கையிலும் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க எந்திரிங்க, எனக்கு நேரமாகும்" என்றேன்.

"அட, நீங்க மெதுவாச் சாப்பிடுங்க, எங்களுக்கு என்ன வேல?" என்றார் தாய்மாமன். சம்மணம் போட்ட காலைக்கூட மாற்றாமல் நான் வைக்கும் ஒவ்வொரு வாயையும் கவனித்தார். விழுங்கினால், "எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டார். "எறங்கிருச்சுங்க" என்றால் மட்டும் அடுத்த வாய்க்குத் தலையாட்டினார். கடைசி வாய் போனதும் அவரே ஒரு பெருமூச்சு விட்டார். "கல்யாணத்துல உங்களக் கடைசிப் பந்தில உக்கார வெக்கோணுமுங்க. இல்லீன்னா அடுத்த பந்திக்காரங்க நம்மளச் சும்மா உட மாட்டாங்க" என்றார். அப்புறம்தான் இலையை மடித்தார். அவர் மடித்த பிறகு எல்லாரும் மடித்தார்கள்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏ அம்முணி, என்ற வயித்துக் கதைய ஊர் ஊரா டமாரம் அடிச்சிருக்கறயே, உனக்கு வெக்கமா இல்ல?"

"சாப்பிட்டயாம்மா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

"உனக்கு நேரமாயிருக்குமே. அதுவரைக்கும் அவங்க என்ன பண்ணுனாங்க?"

"என்ன பண்ணுவாங்க? கை காஞ்சுபோயி உக்காந்திருந்தாங்க. ஒருத்தர்கூட எந்திரிக்கல. அந்த மாமன்காரரு என்ற தொண்டையவே பாத்துட்டிருந்தாரு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அம்மா" என்றாள், "நான் இன்னும் அவருகிட்டச் சரின்னு சொல்லல. அம்மா உங்க ஊட்டுல சாப்பிட்டுட்டு வரட்டும், அப்பறம் சொல்றேன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். இப்பக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"சொல்லு கண்ணு" என்றேன், "சொல்லிரு சாமி." போனை மடியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "என்ன புள்ள, வயிறு பண்ணுதா? வண்டிய ஓரமா நிறுத்தட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. பேசாம ஓட்டுங்க" என்றேன்.